புதுசைப் பழசாக்கிய பிட்டர்

ஊசிமலைத் தோட்டத்து பெக்டரியை மூடியபோது உள்ளேயிருந்த மெஷின்களை எடைக்குப் போட்டார்கள். அந்த மெஷின்களை இருபத்திரண்டு வருஷம் ஓட வைத்த பிட்டர் கஜேந்திரனை எடைக்கு வாங்க யாரும் வராததால், அவரைக் கவ்வாத்து மலைக்கு அனுப்பினார்கள். கொழுந்து இப்போது லொறி ஏறி ராகலைப் பக்கம் வேறொரு பெக்டரிக்குப் போகிறது. கஜேந்திரன் வளைந்த கத்தியோடு செங்குத்து மலையில் ஏறி, வயதான தேயிலைச் செடிகளை இரண்டடி உயரத்துக்கு வெட்டிக்கொண்டிருக்கிறார். நாற்பத்தொன்பது வயதில் புதிதாகக் கற்ற தொழில். அவருடைய முழங்காலுக்கு அது பிடிக்கவில்லை.

முழங்காலைவிட அவருக்கு வேறொன்று வலித்தது. பெக்டரி ஓடியவரை தோட்டமே அவரைப் 'பிட்டரய்யா' என்றது. மூடிய மறுமாதம் பிட்டர் உதிர்ந்தது, அதற்கடுத்த மாதம் ஐயாவும் உதிர்ந்தது. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன மாதிரி, காலைப் பெரட்டில் ஆள் எண்ணும்போது இப்போது வெறும் கஜேந்திரன். பதினான்கு மாதமாக வீட்டுக் குழாய்க்கு ஒரு வாசர் மாற்றியதைத் தவிர அவர் கையில் ஸ்பானர் ஏறவில்லை. தூக்கத்தில் கூட அவர் விரல்கள் எதையோ முறுக்கிக்கொண்டிருக்கும் என்று மனைவி ஜீவராணி சொன்னாள். ஒரு நாள் அவளுடைய காதை முறுக்கியதும் உண்டு.

அப்படியிருக்கையில்தான் பெரிய துரை பங்களாவைக் கொழும்பு நோனா ஒருவர், வசதியான சிங்களப் பெண்மணி, குத்தகைக்கு எடுத்து ஹோட்டலாக மாற்றினார். மேனேஜராக வந்தவர் பிரதாபன். நுவரெலியா டவுனில் மூன்று தலைமுறையாகப் புடவைக் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை, புடவையைத் தவிர எல்லாவற்றிலும் ஆர்வமுள்ளவர். அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை கஜேந்திரனைக் கூப்பிட்டனுப்பி, சாமான் அறையிலிருந்து ஒரு பொருளை எடுத்துவந்து மேசையில் வைத்தார். துரைமார் காலத்து இறைச்சி அரைக்கிற கை மெஷின். மேலே புனல் மாதிரி வாய், பக்கத்தில் சுற்றுகிற பிடி, கீழே மேசையைக் கவ்வும் கிளாம்ப். எல்லாம் சேர்ந்து ஒரே துருக்கட்டி.

"இது சுத்தணும்ணே. அடுத்த மாசம் மொத சனிக்கிழம கெஸ்ட் வர்றாங்க. அவங்க முன்னாடியே இறைச்சி அரைச்சு கட்லட் போட்டுக் குடுக்கணும்னு நோனாவுக்கு ஆச," என்றார் பிரதாபன். "இத நீங்க ஓட வச்சுட்டா, இங்க பிட்டர் வேல ஒன்னு இருக்கு. ஜெனரேட்டர், தண்ணி மோட்டரு, பாய்லரு, எல்லாம் உங்க கையிலதான்."

கஜேந்திரன் பிடியைப் பிடித்து ஒரு தள்ளு தள்ளினார். அசையவில்லை. அவருக்கு அப்போது ஏற்பட்ட சந்தோஷம் கல்யாணத்தன்று கூட ஏற்பட்டதில்லை. இதை அவர் ஜீவராணியிடம் சொல்லவில்லை.

வீட்டுக்குத் தூக்கிவந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "இதுல என்னா இறைச்சி அரைச்சாங்க?"

"துரைமாரு வீட்டுது. எல்லாந்தான் அரைச்சிருப்பாங்க."

"மாடுமா?"

கஜேந்திரன் கூரையைப் பார்த்தார். அந்தப் பார்வையே போதுமாயிருந்தது. மெஷின் லயத்து வரிசை வீட்டில் அவர்கள் குடியிருந்த காம்பராவுக்குள் வரக்கூடாது, வீட்டுச் சட்டி பானை எதிலும் படக்கூடாது என்று அவள் சொல்லிவிட்டாள். அதனால் அது கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில், பழைய எண்ணெய் பீப்பாயைப் பாதியாக வெட்டிய தொட்டியில், டீசலும் மண்ணெண்ணெயும் கலந்த குளியலில் நான்கு நாள் ஊறியது. கோழிகள் மூன்றாம் நாளே வேறு லயத்துக்குக் குடிபோய்விட்டன.

ஐந்தாம் நாள், கத்தியைத் திருகிப் பிடிக்கும் முன்வளையத்தைச் சுற்றிக் கரித்துண்டுகளை அடுக்கிச் சூடாக்கினார். சவுக்குக் கட்டையை இடையில் வைத்து மெதுவாகத் தட்டினார். இரும்பை இரும்பால் நேராக அடிப்பவன் பிட்டரில்லை, கொல்லையில் பாம்பு அடிப்பவன் என்பது அவர் கட்சி. நாற்பது தட்டுக்குப் பிறகு வளையம் 'க்ரீச்' என்று கால் சுற்று நகர்ந்தது. செங்கல் தூள் மாதிரி துரு கொட்டியது. கஜேந்திரன் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தார். அழுதாரா என்று கேட்டால் புகை என்பார்.

உள்ளே பார்த்தபோது அவருக்கு எல்லாம் சொந்தக்காரர் முகமாகத் தெரிந்தது. கொழுந்தை அரைக்கிற ரோட்டவேன் மெஷினுக்கும் இதற்கும் வித்தியாசம் உருவத்தில்தான். இது அதனுடைய குட்டி. அதே மாதிரி உருளைக்குள் ஒரு திருகுத் தண்டு, தண்டு முனையில் நாலு சிறகுக் கத்தி, அதற்கு முன்னால் துளைபோட்ட தகடு. கத்தியைக் கண்ணாடித் துண்டின்மேல் வால்வு தேய்க்கும் பசை போட்டு ஆறு சாயங்காலம் தேய்த்தார். தகடும் கத்தியும் ஒன்றோடொன்று உட்கார்ந்தபோது நடுவில் வெளிச்சம் தெரியவில்லை. உளுத்துப்போன மரப்பிடிக்குப் பதிலாக, கவ்வாத்து மலையில் வெட்டிப்போட்ட கிழட்டுத் தேயிலைத் தண்டு ஒன்றைச் செதுக்கி மாட்டினார். பழைய பாண் ரொட்டியைக் காயவைத்து உள்ளே போட்டுச் சுற்றினார். மறுபக்கம் பாண் பூப்பூவாக வந்தது. அதைக் கோழிகளுக்குப் போட்டார். கோழிகள் திரும்பி வந்துவிட்டன.

இந்த இடத்தில் அவர் கையைத் துடைத்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி.

துரை வருகிறார் என்றால் தோட்டத்தில் முதலில் நடப்பது பெயின்ட் அடிப்பது. பாதையோரக் கல்லுக்குச் சுண்ணாம்பு, பெக்டரி மெஷினுக்குச் சில்வர், கைப்பிடிக்குச் சிவப்பு. மெஷின் ஓடுகிறதா என்று எந்தத் துரையும் பார்த்ததில்லை. பெயின்ட் காய்ந்துவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்த்தவர்கள் உண்டு. இருபத்திரண்டு வருஷம் அதைச் செய்த கை. கொழும்பிலிருந்து நோனா வருகிறார் என்றதும் அது தானாகவே பிரஷைத் தேடிப் போயிற்று. இறைச்சி படும் உட்புறத்தை விட்டுவிட்டு வெளியே முழுக்கச் சில்வர் அடித்தார். பிடிக்குச் சிவப்பு. கிளாம்புக்கு, மிச்சமிருந்த பச்சை. வெயிலில் வைத்தபோது பக்கத்து லயத்துப் பெண்கள் வந்து பார்த்து, கோயில் கொடிமரம் மாதிரி இருக்கிறது என்றார்கள். ஜீவராணி கூட ஒரு நிமிஷம் நின்று பார்த்தாள்.

நோனா மேசையைச் சுற்றி நடந்து அதைப் பார்த்தார். அப்புறம் பிரதாபனிடம் சிங்களத்தில், "இதை யார் கொன்றது?" என்று கேட்டார்.

கஜேந்திரனுக்குச் சிங்களம் நன்றாகவே தெரியும். மெஷின் நன்றாகச் சுற்றுகிறது என்று சுற்றிக் காட்டினார். நோனா கண்ணை மூடிக்கொண்டார். நூறு வருஷத்துப் பொருள், அதன் பெருமையே அது பழசாயிருப்பதுதான், இப்போது பார்த்தால் போன வாரம் பஜாரில் வாங்கியது மாதிரி இருக்கிறது, கெஸ்ட் இதைப் பார்க்கவா கடல் தாண்டி வருகிறார்கள் என்று அவர் வருத்தமாகத்தான் சொன்னார், கோபமாக இல்லை. கடைசியில், "இதைப் பழையபடி பழசாக்க முடியுமா?" என்றார்.

"இது வந்தப்ப இப்பிடித்தான் நோனா இருந்துச்சு," என்றார் கஜேந்திரன். கிளாம்பைக் கழற்றி, அதன் அடியில் காற்றும் ஈரமும் படாத ஒரு இடத்தைக் காட்டினார். காசு அளவுக்கு ஈயப்பூச்சு வெள்ளி மாதிரி பளபளத்தது. "புதுசுல எல்லாமே பளபளன்னுதான் இருந்திருக்கும்."

நோனா அந்தக் காசளவு வெள்ளையை அனுதாபத்தோடு பார்த்தார். "அதுவும் வேண்டாம்," என்றார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கஜேந்திரன் யோசித்தார். பழசைப் புதுசாக்க அவருக்கு நூறு வழி தெரியும். புதுசைப் பழசாக்கச் சொல்லி இதுவரை எந்தத் துரையும் கேட்டதில்லை. ஆனால் பெக்டரிக்காரனுக்குத் தெரிந்த ஒன்று உண்டு. இரும்பில் தேயிலைச் சாயம் பட்டால் இரும்பு கறுத்துப்போகும், சாயமும் கெட்டுப்போகும். அதற்காகவே பெக்டரியில் கொழுந்து படுகிற இடத்தில் வெறும் இரும்பை வைக்க மாட்டார்கள். இருபத்திரண்டு வருஷம் எதை நடக்க விடாமல் காத்தாரோ, அதை இப்போது நடக்க வைத்தால் ஆயிற்று. தின்னரால் பெயின்ட்டை உரித்தார். தோட்டத்தில் அந்த மாதத்துக்குக் கொடுத்த தேயிலைத்தூள் முழுவதையும் அரைப் பீப்பாயில் கொட்டி, மெஷினைப் போட்டு இரண்டு நாள் அவித்தார்.

"ஒரு மாசத் தூள இரும்பு குடிச்சிருச்சு," என்றாள் ஜீவராணி. "பாலு ஊத்துனீங்களா, பிளேன்டீயா?"

மூன்றாம் நாள் எடுத்தபோது மெஷின் நாவல்பழக் கறுப்பில் இருந்தது. தேங்காயெண்ணெய் தடவித் துடைத்ததும் அதற்கு நூற்றைம்பது வயது சொல்லலாம் போலாயிற்று. நோனா இரண்டு கையாலும் அதைத் தொட்டார். "இதுதான்," என்றார். "இதைத்தான் நான் கேட்டேன்."

கஜேந்திரனுக்கு மார்பு நிறைந்தது. பிட்டர் வேலைக்கு எப்போது சேரலாம் என்று கேட்க வாயெடுத்தார். அதற்குள் நோனா சுவரில் தொங்கிய போட்டோவைக் காட்டினார். பங்களா வாசலில் துரை, துரைசாணி, ஒரு நாய், ஓரமாக வெள்ளைக் கோட்டும் தலைப்பாவும் கட்டிய சமையல்கார அப்பு. கீழே துரையின் பெயரும் நாயின் பெயரும் எழுதியிருந்தது. சனிக்கிழமை மெஷின் பிடியைச் சுற்றப்போவது கஜேந்திரன்தான், அந்த அப்பு மாதிரி உடுத்திக்கொண்டு. துணி தைத்தாயிற்று. காலில் மட்டும் ஒன்றும் வேண்டாம் என்றார். போட்டோவில் அப்புவின் கால் வெறுங்கால்.

"பிட்டர் வேல, சேர்?" என்று வெளியே வந்து பிரதாபனைக் கேட்டார்.

"சனிக்கிழம நல்லபடியா முடியட்டும்ணே. நோனா மனசு குளுந்தா எல்லாம் நடக்கும்."

அன்று இரவு அவர் ஜீவராணியிடம் சொன்னபோது, "கவ்வாத்து மலைக்கு அது தேவல. முட்டியப் பாருங்க, பலாக்கொட்ட மாதிரி வீங்கியிருக்கு," என்றாள். அது நிஜம். அவர் ஒப்புக்கொண்டார்.

சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு, பங்களா முன்ஹாலில் வெள்ளை விரிப்புப் போட்ட மேசையில் மெஷினைப் பூட்டி, அதன் பக்கத்தில் கஜேந்திரனையும் நிறுத்தினார்கள். வெள்ளைக் கோட்டு, வெள்ளைச் சாரம், சிவப்பு இடுப்புக்கட்டு, தலைப்பா. தரை ஐஸ் மாதிரி சில்லிட்டது. பெக்டரியில் விரலை மூடும் இரும்புமுனைச் சப்பாத்தில்லாமல் அவர் ஒரு நாளும் உள்ளே போனதில்லை. இப்போது பத்து விரலும் வெளியே தெரிய, அவருக்கு அம்மணமாக நிற்பது போலிருந்தது. ஆறு கெஸ்ட் வந்திருந்தார்கள், ஜெர்மனியோ ஒல்லாந்தோ. எல்லோரும் சப்பாத்து போட்டிருந்தார்கள்.

அவர் சுற்றினார். இறைச்சி புழுப்புழுவாக வந்தது. கெஸ்ட் போன்களைத் தூக்கினார்கள். ஒரு பெண் மெஷினைப் போட்டோ எடுத்தாள், அவர் முகத்தை எடுத்தாள், குனிந்து அவர் பாதத்தையும் எடுத்தாள்.

நோனா இங்கிலீசில் விளக்கினார். கஜேந்திரனுக்கு இங்கிலீசு மெஷின் புத்தகத்து அளவுக்கு வரும், கேட்டால் புரியும். மெஷினுக்கு நூற்றிப்பத்து வயதாம். அது வரை சரி. நாலு தலைமுறையாக இவருடைய குடும்பம்தான் இதே சமையலறையில் இந்தப் பிடியைச் சுற்றி வருகிறதாம்.

கஜேந்திரனின் கை நின்றது. அவருடைய பூட்டன் இந்தப் பங்களாவுக்கு வரும் ரோட்டை வெட்டியவர். பாட்டன் கவ்வாத்து. அப்பா கொழுந்து மூட்டை தூக்கியவர். அவர்களில் ஒருவரும் இந்தச் சமையலறை வாசலைத் தாண்டியதில்லை. தாண்டியிருந்தால் அடி விழுந்திருக்கும். செத்தவர்களை இப்படி வேலைக்குச் சேர்ப்பது அவருக்குப் பொறுக்கவில்லை.

"நோ," என்றார். "ஐ பிட்டர்."

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அதற்குமேல் இங்கிலீசு வரவில்லை. கை வந்தது. முன்வளையத்தைத் திருகி எடுத்து வெள்ளை விரிப்பில் வைத்தார். பிறகு தகடு. பிறகு கத்தி. பிறகு பிடியின் திருகாணி, பிடி, கடைசியில் இறைச்சி வழிய வழியத் திருகுத் தண்டு. பெக்டரியில் செய்கிற மாதிரி கழற்றிய வரிசையிலேயே இடமிருந்து வலமாக அடுக்கினார். "தென் எத்தி," என்றார் நோனா மெல்லிய குரலில், முகத்தில் சிரிப்பு மாறாமல்; சிங்களத்தில், இப்போது போதும் என்று அர்த்தம். கஜேந்திரன் நிறுத்தவில்லை. உருளையைத் தட்டிக் காட்டி, "திஸ் பிளெக், டீ. ஐ பொயில். லாஸ்ட் வீக்," என்றார். நூற்றிப்பத்து வயதில் பெரும்பகுதி அந்த நிமிஷத்தில் உதிர்ந்துபோயிற்று.

ஒருவர் கழிவறை எங்கே என்று கேட்டுப் போனார். ஆனால் நரைத்த தாடிக்காரர் ஒருவர் எழுந்து கிட்டே வந்து வளையத்தை எடுத்து, உள்ளேயிருந்த மரையை நகத்தால் தடவி, ஏதோ ஒரு சொல்லைக் கேள்வியாகச் சொன்னார். "விட்வர்த்?"

"யெஸ் சேர்! விட்வர்த்!"

அது பழைய இங்கிலீசு மரையின் அளவு. பெக்டரி மெஷின்களுக்கெல்லாம் அதே மரைதான். தாடிக்காரர் தலையாட்டினார், கஜேந்திரனும் தலையாட்டினார். பதினைந்து மாதத்தில் அவரோடு பிட்டராக ஒருவர் பேசியது அதுதான், ஒரே ஒரு சொல். அவருக்கு அந்த ஆளைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது. கை முழுக்க இறைச்சி என்பதால் விட்டுவிட்டார். இரண்டு நிமிஷத்தில் எல்லாவற்றையும் திரும்பப் பூட்டி, மிச்ச இறைச்சியை அரைத்துக் கொடுத்துவிட்டு, பின்வாசலில் சப்பாத்தை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். வேலை போய்விட்டது என்று அவருக்குத் தெரியும்.

ஞாயிறு காலை பிரதாபன் லயத்துக்கே வந்துவிட்டார்.

"நோனாவுக்கு மொதல்ல கோவம்தான்ணே. ஆனா கெஸ்டுக்கு அந்தக் கழட்டுற சீன் ரொம்பப் பிடிச்சுப்போச்சு. வீடியோ போட்டிருக்காங்க. இனிமே ஒவ்வொரு சனிக்கிழமையும் நீங்க வந்து அதே மாதிரி கழட்டிப் பூட்டணுமாம். அந்த 'நோ, ஐ பிட்டர்' கூட சொல்லணுமாம். நிரந்தர வேல."

"ஜெனரேட்டரு, பாய்லரு?"

பிரதாபன் கோழிகளைப் பார்த்தார். "அதுக்கு கொழும்பு கம்பனி ஆள் மாசம் ஒருக்கா வருவாங்க."

"சப்பாத்து?"

"கேட்டேன்ணே. நோனா ரொம்ப யோசிச்சாங்க. போட்டுக்கலாமாம். ஆனா வெளிய தெரியாம மேசைக்குப் பின்னால நிக்கணுமாம்."

கஜேந்திரன் முழங்காலைத் தடவிக்கொண்டார். "ஓடுற மெஷின சும்மா சும்மா கழட்டக் கூடாது, சேர்," என்றார். "மரை தேஞ்சிரும்."

"அம்புட்டுத்தானா காரணம்?"

"அதுவும் ஒரு காரணம். ஏதாவது கெட்டுப்போனா கூப்பிடுங்க, வந்து பாக்குறேன்."

பிரதாபன் போனதும் அவர் காம்பராவுக்குள் வந்து, தலைப்பாவிலிருந்து பாதத்தைப் போட்டோ எடுத்தது வரை எல்லாவற்றையும் ஜீவராணியிடம் கொட்டினார். எவ்வளவு கூசிப்போனேன் என்றும் சொன்னார். பழைய குருடி கதவைத் திறடி என்று நாளைக்கு மறுபடி கவ்வாத்துக் கத்திதான், அதற்காக அவள் திட்டட்டும் என்று காத்திருந்தார்.

ஜீவராணி திட்டவில்லை. கொழுந்துக் கூடையின் பட்டியில் அறுந்த இடத்தைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு நாளு நின்னதுக்கா இம்புட்டு?" என்றாள். "நாங்க ரோட்டோர மலையில கொழுந்தெடுக்கிற அன்னைக்கெல்லாம் வேன் வந்து நிக்குது. கூடய மாட்டுங்கிறான், திரும்புங்கிறான், சிரிங்கிறான். மழையில அட்டை காலக் கடிச்சிட்டு இருக்கும், சிரிப்போம். பதினெட்டு வருஷமா சிரிக்கிறேன். என் பல்லு எந்தெந்த நாட்டுல கெடக்குதோ."

பெக்டரி ஜன்னலிலிருந்து அந்த வேன்களைக் கஜேந்திரன் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். டயர் தேய்ந்திருக்கிறதா என்றுதான் பார்த்திருக்கிறார்.

"நீ சொல்லவே இல்லியே," என்றார்.

"நீங்க கேக்கவே இல்லியே." நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "வேணாம்னு சொன்னது சரிதான். தேத்தண்ணி குடிக்கத்தான் தூள் இல்ல. சுடுதண்ணி தரட்டா?"

அவருக்கு வெட்கமாயிருந்தது. குடித்தார்.

திங்கட்கிழமை பெரட்டில் பெயரைக் கூப்பிட்டார்கள், கஜேந்திரன் என்று. கத்தியோடு மேல்மலைக்குப் போனார். பத்து மணி வாக்கில் கீழே கந்தப்பளை ரோட்டில் ஒரு வேன் நிற்பது தெரிந்தது. கதவு திறந்து, தொப்பி போட்ட வெள்ளைக்காரர் ஒருவர் இறங்கி, கையைத் தூக்கி ஆட்டினார். ரோட்டோர நிரையில் கொழுந்தெடுத்த பெண்கள் பழக்கப்படி நிமிர்ந்து, கூடையைச் சரிசெய்து, அவர் பக்கம் திரும்பினார்கள். ஜீவராணி மட்டும் திரும்பவில்லை. கை நிற்காமல் கொழுந்தைக் கிள்ளிக் கிள்ளிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள். வெள்ளைக்காரர் இரண்டு தடவை கூப்பிட்டார். அவள் அடுத்த செடிக்கு நகர்ந்தாள்.

கஜேந்திரன் வெட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வெள்ளைக்காரர் கொஞ்சம் காத்திருந்தார். பிறகு அவளுடைய முதுகை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு வேனில் ஏறிப் போனார்.